பலகை நிறைந்திருந்த காலை

போன வாரம், நீங்கள் விமானம் பழுதுபார்க்கும் ஹாங்கருக்கு என்னை அழைத்தீர்கள். சால்வை போர்த்தி, சூடாக ஒரு காபியும் கொடுத்து, "ரெண்டு நிமிஷம் பேசுங்க சார்" என்றீர்கள். இரண்டு நிமிடத்தில் நான் தொண்டையைச் செருமி முடிப்பதே கஷ்டம். நேரம் தவறாமை, ஒழுக்கம் என்று ஒப்புக்கு ஏதோ சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு எனக்கே என் மேல் எரிச்சல். சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு வேண்டாததையெல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். விட்டதை இப்போது எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், சால்வையைத் திருப்பிக் கேட்காதீர்கள்.

உங்கள் ஹாங்கர் சுவரோரம் ஒரு கருவிப் பலகை பார்த்தேன். எந்த ஸ்பேனர், எந்தத் திருப்புளி எங்கே தொங்க வேண்டுமோ அங்கே அதன் உருவத்தைப் பெயின்டில் வரைந்து வைத்திருக்கிறீர்கள். ஒன்றை எடுத்தால் வெறும் உருவம் பளிச்சென்று தெரியும். உங்களில் ஒரு பெண், "மூணு வருஷமா ஒண்ணுகூடக் கொறஞ்சதில்ல சார்" என்று பெருமையாகச் சொன்னாள். அந்தப் பெருமைதான் எனக்குப் பயம். நல்ல பெண், அவளைக் குறை சொல்லவில்லை. நானும் ஒரு காலத்தில் அதே மாதிரிப் பலகை முன்னால் அதே பெருமையோடு நின்றவன்தான்.

எனக்கு ஊர் மேல்பட்டாம்பாக்கம். கரும்பு போட்ட குடும்பம். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் விமானப்படையில் சேர்ந்தபோது, விமானம் ஓட்டத்தான் போகிறேன் என்று ஊரே முடிவு செய்துவிட்டது. லீவில் வந்தால் டீக்கடையில், "இன்னா கோவிந்து, எவ்ளோ ஒசரம் போற?" என்பார்கள். "ஸ்டூல் மேல ஏறினா ரெண்டு அடி" என்பேன். நான் மெக்கானிக்.

மெக்கானிக் என்பதுகூடக் கொஞ்சம் பெரிய வார்த்தை. நாங்கள் இருந்த தளத்தில் வேலையைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்திருந்தார்கள். நான்கு வருடம் நான் பார்த்ததெல்லாம் சக்கரமும் அதைத் தாங்கும் காலும்தான். ஒருவர் கழற்றுவார், வேறொருவர் மாட்டுவார், மூன்றாவது ஆள் சரிபார்ப்பார், கையெழுத்து இன்னொருவருடையது. விமானம் போனதா வந்ததா, ஓட்டியவர் என்ன சொன்னார், எதுவும் எங்கள் காதுக்கு வராது. மணி அடித்தால் கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போவோம். நாங்கள் சோம்பேறிகள் இல்லை. எதற்காகச் செய்கிறோம் என்பது தெரியாமல் செய்தவர்கள்.

அப்படி இருந்தபோதுதான் ஒரு கார்த்திகையில் கொள்ளிடமும் வெள்ளாறும் ஒரே சமயத்தில் கரை மீறின. சிதம்பரத்துக்குத் தெற்கே ஊர்களெல்லாம் தீவு. ரோடு போச்சு, ரயிலும் போச்சு. கடலூருக்கு மேற்கே, உலகப் போர்க் காலத்தில் போட்டுவிட்டுப் போன ஒரு ஓடுதளம் ஆடு மேய்ந்துகொண்டு கிடந்தது. அங்கே இரண்டு டகோட்டா விமானங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கடலூர் ஓ.டி., அதாவது பழைய டவுன், கிடங்கிலிருந்து லாரியில் அரிசி மூட்டை வரும். அதை விமானத்தில் ஏற்றிப் போய், மர உயரத்துக்குத் தாழப் பறந்து, திறந்த கதவு வழியாகத் தள்ளிவிட வேண்டும். அதற்கு வந்த மெக்கானிக்குகள் ஆறே பேர். உள்ளூர் ஆட்கள் என்பதால் என்னையும் யூசுப்பையும் சேர்த்திருந்தார்கள்.

யூசுப் பரங்கிப்பேட்டைக்காரன், இன்ஜின் ஆள். அவன் வாப்பா பினாங்கில் கடை வைத்திருந்தார். கல்லாவில் உட்கார வரச் சொல்லி அவனுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். இவன் இன்ஜின் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும் என்று படைக்கு வந்துவிட்டான். அத்தனை பெரிய தளத்தில் எங்கள் ஜில்லாக்காரர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். பார்த்த முதல் நாளே நான் அவனுக்கு மச்சான், அவன் எனக்கு மச்சான்.

எங்கள் ஆறு பேருக்கும் தலைவர் ஒரு வாரண்ட் ஆபீசர். அவர் பெயரை எழுதினால் அவருக்கே பிடிக்காது, விட்டுவிடுகிறேன். மெட்ராஸ்காரர், ஒல்லி. எல்லோருக்கும் கோபம் வந்தால் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். வந்த முதல் காலையில் எங்களை மூன்று மூன்று பேராகப் பிரித்தார். நான், யூசுப், மின்வேலை பார்க்கும் ஒரு சர்தார், எங்கள் மூவரிடமும் ஒரு விமானத்தைக் காட்டி, "இது உங்களுது" என்றார்.

"இதுல எங்க வேலை எது சார்?" என்றேன்.

"எல்லாமே. மூக்குலேர்ந்து வால் வரைக்கும். ஒருத்தர் வேலைய இன்னொருத்தர் கத்துக்குங்க. என்ன கோளாறுன்னு பைலட் நேரா உங்ககிட்டயே சொல்வார். பறக்கலாமா கூடாதான்னு கடைசிக் கையெழுத்து கோவிந்து போடுவான். அவன் போடலேன்னா நானே சொன்னாலும் இது பறக்காது."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில். நான்கு வருடம் காலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தவனிடம் முழு ஆளையும் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எங்களில் யாரும் மணிக்காகக் காத்திருக்கவில்லை. அடிக்கவும் அங்கே மணி இல்லை. யூசுப் என்னிடம் பிரேக் கற்றான், நான் அவனிடம் இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கக் கற்றேன். இறங்கியதும் பைலட் வியர்வையோடு வந்து, "இடது பக்கம் இழுக்குது" என்பார். சரிசெய்து கொடுப்போம். அடுத்த தடவை இறங்கும்போது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். அந்தக் கட்டைவிரலுக்காக என்ன வேண்டுமானாலும் செய்திருப்போம். முதல் நாள் இரண்டு தடவை போன விமானம் மூன்றாம் நாள் நான்கு தடவை போனது. ஒருவரும் எங்களை விரட்டவில்லை. இன்று இதற்கெல்லாம் நீளமாகப் பெயர் வைத்து, படம் போட்டு வகுப்பு எடுக்கிறார்கள். எடுக்கட்டும், நல்லதுதான்.

பழைய கதவு ஒன்றைத் தேடிப்பிடித்து எங்களுக்கென்று ஒரு கருவிப் பலகையும் செய்தோம். நாற்பத்திரண்டு கருவிகள். உருவங்களை யூசுப்தான் வரைந்தான். பறக்கும் முன் பலகை நிறைந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது விமானத்துக்குள் எங்கேயாவது கிடக்கிறது என்றுதான் அர்த்தம். கண்டுபிடிக்கும்வரை விமானம் நகரக் கூடாது. இதை நான் காலையும் மாலையும் சொல்லிக்கொண்டே இருந்தேன். "பலகை நெறஞ்சிருக்கணும், தெரிதா?" என்று ஒரே பாட்டு.

இன்னொரு பாட்டும் பாடினேன். அதுதான் நான் செய்த தப்பு.

என் அக்காவைக் கொள்ளிடக்கரை ஓரம் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். கையில் ஐந்து மாதக் குழந்தை. அந்த ஊரில் கொஞ்சம் மேடு உண்டு என்பதால், அரிசி போட வேண்டிய ஊர்களின் பட்டியலில் அதைக் கடைசியில் வைத்துவிட்டார்கள். புதன்கிழமைதான் முறை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நட்டு முடுக்கும்போது அக்கா, சாப்பிடும்போது அக்கா, கை கழுவும்போதும் அக்கா. "புள்ளைக்குப் பால் இருக்குதோ இல்லியோ", "மேடும் முழுவிடுச்சோ என்னவோ" என்று யூசுப்பின் காதைத் தின்றேன்.

"வுடு மச்சான். புதன்கிழம நம்ம ப்ளேனு உங்க அக்கா வூட்டு மேல போவும், இன்ஷா அல்லா" என்பான்.

அதோடு நின்றேனா? அந்தப் பக்கம் போன படகுக்காரர்களிடம், "புதன்கிழமை காலையில் என் ப்ளேன் வரும், மேட்டில் வந்து நில்" என்று அக்காவுக்குச் சொல்லியும் அனுப்பினேன்.

புதன்கிழமை விடிந்தது. மழை விட்டிருந்தது. மத்தியானத்துக்குள் மறுபடி மூடிக்கொள்ளும், சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றார் பைலட். மூட்டைகள் ஏறிவிட்டன. பலகையைப் பார்த்தேன், நிறைந்திருந்தது. பேனாவைத் திறந்தேன்.

எனக்கு ஒரு பழக்கம். வீட்டைப் பூட்டிய பிறகு பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்போமே, அந்த மாதிரி, கையெழுத்துக்கு முன்னால் சக்கரத்தின் பக்கம் ஒரு நட்டில் ஸ்பேனரைப் போட்டுப் பார்ப்பேன். அன்றும் பலகையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துப் போட்டேன். அது நட்டைப் பிடிக்காமல் லொடலொடவென்று ஆடியது.

திருப்பிப் பார்த்தேன். நீளம் அதே நீளம், பலகையில் வரைந்த உருவத்துக்குள் அச்சாக உட்கார்ந்திருந்தது. ஆனால் அது எங்களுடையது இல்லை. எங்கள் விமானம் அமெரிக்காவில் செய்தது, அதன் நட்டுகளுக்கு ஓர் அளவு. இது இங்கிலாந்து லாரிகளின் நட்டுக்கான அளவு. பிடியின் பின்பக்கத்தில் சிவப்புப் பெயின்ட் வேறு. அரிசி கொண்டுவரும் லாரி டிரைவரை லாரி மாமா என்போம், அவர் கருவிகளில் எல்லாம் அந்தச் சிவப்பு இருக்கும்.

நிமிர்ந்தேன். யூசுப் இறக்கையின் கீழே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யூசுப், இது இங்க எப்டி வந்திச்சி?"

"நேத்து சாயங்காலம் வால் பக்கம் வேல செஞ்சேன்ல மச்சான். ப்ளேனுக்குள்ள தரப்பலகைய மூடறப்ப மழ புடிச்சிக்கிச்சி. அவசரத்துல எங்க வெச்சேன்னு தெரியல. காலைல பாத்தா ஒண்ணு கொறையுது. புல்லு பூரா தேடிட்டேன். அதான் லாரி மாமாகிட்ட ஒண்ணு வாங்கி மாட்டினேன்."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா ப்ளேன நிறுத்திருவாங்க. அக்கா ஊரு இன்னிக்குத்தான மச்சான்."

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்காகச் செய்திருக்கிறான் பாவி. பைலட் கண்ணாடிக்குள்ளிருந்து கையை ஆட்டி, கிளம்பலாமா என்று கேட்டார்.

அந்த நிமிடத்தில் என் மனசு என்னவெல்லாம் சொன்னது என்பதை மறைக்க மாட்டேன். புல்லில்தான் கிடக்கும். ஒரே ஒரு தடவை போய் வரட்டும், வந்ததும் தேடிக்கொள்ளலாம். யாருக்குத் தெரியும்? எனக்கும் இவனுக்கும்தான் தெரியும். அக்கா மேட்டில் நிற்பாள், இடுப்பில் குழந்தையோடு. உண்மையைச் சொல்கிறேன், என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டும் விட்டேன்.

அப்போது உள்ளேயிருந்து யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. மூட்டை தள்ளும் பையன்கள், பைலட், துணை பைலட் என்று ஐந்து பேர் உள்ளே. வாலை அசைக்கும் கம்பிவடம் தரைப்பலகைக்கு அடியில்தான் ஓடுகிறது. அதில் ஒரு ஸ்பேனர் சிக்கினால் வால் பேச்சுக் கேட்காது. மர உயரத்தில் பறக்கும்போது அதைச் சரிசெய்ய யாருக்கும் நேரம் இருக்காது.

போட்ட எழுத்தை அடித்தேன். கையைத் தூக்கிக் குறுக்கே ஆட்டினேன். அக்கா ஊருக்குப் போக வேண்டிய அரிசியை நானே நிறுத்தினேன்.

மூட்டைகளை இறக்கினோம். "இன்னா தம்பி, இப்பத்தான ஏத்தினோம்!" என்று லாரி மாமா தலையில் அடித்துக்கொண்டார். விஷயம் தெரிந்ததும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் இறக்கினார். தரைப்பலகைகளைக் கழற்றினோம். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை, முழங்கால் தேய்ந்தது. கடைசியில் சர்தார் வால் பக்கம் தோள்வரை கையை விட்டுத் தடவி, நிறுத்தி, மெல்ல, "ஹை" என்றார். இருக்கிறது.

கம்பிவடத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக் கிடந்தது ஸ்பேனர். பைலட் வந்து மண்டியிட்டுப் பார்த்தார். "ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம்" என்றார். பிறகு ஸ்பேனரிலிருந்து கம்பிவடம் வரை விரலால் அந்த ஒரு சாணை அளந்தார். 

வெளியே வந்தபோது தெற்கே வானம் கறுத்து மூடிவிட்டிருந்தது. அன்று விமானம் போகவில்லை. நான் எண்ணெய் டிரம்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை, வாய்விட்டே அழுதேன்.

சாயங்காலம் வாரண்ட் ஆபீசர் எங்களைக் கூப்பிட்டார். குரல் அடியோடு இறங்கியிருந்தது. "மாட்டினது யாரு?" என்றார்.

"நான்தான் சார்" என்று யூசுப் முன்னால் வந்தான். வேலை போகும், வாப்பாவின் கல்லாதான் கதி என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். "தொலைச்சது அவன். மாட்டினதும் அவன். மாட்ட வெச்சது யாரு?"

எனக்குப் புரியவில்லை.

"அஞ்சாறு நாளா இவன் காதுல அக்கா அக்கான்னு ஓதினது யாரு? இவன் ப்ளேனுக்கு வேலை செய்யல கோவிந்து, உன் பயத்துக்கு வேலை செஞ்சான். பலகை நிறைஞ்சிருக்கணும்னு தினம் கத்தினியே, குறைஞ்சா தைரியமா வந்து சொல்லுன்னு ஒரு தடவையாவது சொன்னியா?"

சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அவர் யூசுப்பிடம், "நாளையிலேர்ந்து பலகைய நீதான் பாக்கணும். நீ பாத்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இவன் போடணும்" என்றார்.

நான் வாய் தவறி, "தப்பு பண்ணவன்கிட்டயா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒரு ஸ்பேனர் குறைஞ்சா என்ன ஆகும்னு இங்க இவனைவிட யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அத்தோடு முடிந்தது விசாரணை.

மறுநாள் காலை வானம் திறந்தது. யூசுப் பலகை முன்னால் நின்று, ஒவ்வொன்றையும் எடுத்து, நட்டில் போட்டுப் பார்த்து மாட்டினான். நாற்பத்திரண்டையும். கையெழுத்தும் போட்டான். "மச்சான், நீயும் ஒருதரம் பாத்துடேன்" என்றான்.

"நீ பாத்துட்டல்ல?"

"பாத்துட்டேன்."

"போதும்" என்றேன். அவன் பெயருக்குக் கீழே என் பெயரைப் போட்டேன். வாரண்ட் ஆபீசரிடம் கேட்டுக்கொண்டு, மூட்டை தள்ள நானும் அதே விமானத்தில் ஏறினேன். யூசுப் ஓடுதளத்தின் ஓரத்தில் நின்று, விமானம் மறையும்வரை தலையைக் கீழே இறக்கவில்லை என்று லாரி மாமா பிறகு சொன்னார்.

மேலேயிருந்து பார்த்தால் எங்கும் செம்மண் தண்ணீர். தூரத்தில் சிதம்பரம் கோபுரங்கள் நாலும் தெரிந்தன. அக்கா ஊர் மேட்டில் ஜனங்கள் துணியை வீசிக்கொண்டு நின்றார்கள். மூட்டைகளைத் தள்ளினேன். அக்கா எங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை.

உங்கள் ஹாங்கரில் அந்தப் பெண்ணிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான். மூன்று வருடம் ஒன்றும் குறையவில்லை என்றால் சந்தோஷம் அம்மா. ஆனால் ஒருநாள் ஒருவன் வந்து "ஒண்ணு கொறையுது" என்றால் அவனை முறைக்காதே. முதலில் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடு, அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து தேடுங்கள். உன் வீட்டுக் கவலையை அவனிடம் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அதோடு சேர்த்து, "அதுக்காக அவசரப்படாத" என்றும் சொல். நான் அதைச் சொல்லாமல் விட்டவன்.

தண்ணீர் வடிந்த பிறகு நானும் யூசுப்பும் அக்கா வீட்டுக்குப் போனோம். சுவரில் இடுப்பளவு ஈரக் கறை இருந்தது. நாங்கள் போட்ட அரிசியைத்தான் வடித்து, கருவாட்டுக் குழம்பு வைத்து இலை போட்டாள். குழந்தை யூசுப்பின் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"புதன்கிழமன்னு சொல்லி அனுப்ச்சியே, ஏன்டா வரல?" என்றாள் அக்கா.

நான் வாயைத் திறப்பதற்குள் யூசுப், "அக்கா, அது என்னாலதான்" என்றான். ஒன்றையும் மறைக்காமல் சொன்னான், லாரி மாமாவிடம் வாங்கி மாட்டியது உட்பட. அக்கா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். பசித்தவள் அவள், திட்டினாலும் நியாயம்தான்.

"அன்னிக்கு முழுக்க மேட்டுலயே நின்னேன்" என்றாள். "அரிசி வரலியே, அரிசி வரலியேன்னு ஊரே பேசிக்கிச்சி. எனக்கு அரிசி நெனப்பே இல்லப்பா. வரேன்னு சொன்ன ப்ளேனு வரலியே, எங்க வுழுந்துச்சோ, எந்தம்பி அதுல இருந்தானோன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு நின்னேன். மறுநாளு சத்தம் கேட்டுச்சி பாரு, மூட்ட வுழறதுக்கு முன்னாடியே நான் அப்டியே மண்ணுல ஒக்காந்துட்டேன்."

 யூசுப் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"இப்ப எல்லாம் சரியா இருக்குதா, அந்த ஸ்பேனருங்க?" என்றாள் அக்கா.

"நாப்பத்திரெண்டும் இருக்குதுக்கா. எண்ணிட்டுத்தான் வந்தேன்."

"அப்புறம் இன்னா? சாப்புடு" என்று அவன் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.